கடைசிப் பக்கத்தின் மீதி

ராடிமும் நானும் ஆறு வருடம் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். செக் நாட்டின் ப்ர்னோ நகரில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே, டிராம் திரும்பும் முனையில் இருக்கும் உணவுவிடுதி. பரிமாறும் க்வேதா எங்களைக் கேட்காமலே பூண்டு சூப்பைக் கொண்டுவந்து வைப்பாள். அவன் பேசுவான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஒரு கோப்பு முறைமையைப் பதின்மூன்று வருடமாக நான் பராமரிக்கிறேன். அது கோப்புகளையெல்லாம் சுருக்கி ஒரே கட்டாக்கி வைக்கும். அதன் பிறகு அதில் யாரும் எழுத முடியாது, படிக்கத்தான் முடியும். வீட்டுக்கு இணையம் தரும் பெட்டி, டிவிக்கு அடியில் கிடக்கும் பெட்டி, ரயில் நிலைய அறிவிப்புப் பலகை என்று பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். நான் சரி என்று சொல்லாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது.

பிப்ரவரி மூன்றாம் தேதி ராடிம் அந்த நிரலில் செய்த திருத்தங்களை ஏழு பேட்ச்களாக, கெர்னலில் வேலை செய்பவர்கள் எல்லாரும் படிக்கும் மின்னஞ்சல் லிஸ்டுக்கு அனுப்பினான். என் நிரல், சுருக்கிய துண்டை ஒரு தற்காலிக இடத்தில் விரித்து, அங்கிருந்து நினைவகத்தில் உரிய பக்கத்துக்கு நகல் எடுக்கும். அவனுடையது நேராகப் பக்கத்திலேயே விரித்தது, அதுவும் ஒரே நேரத்தில் நாலைந்து துண்டுகளை. நாற்பத்தொரு வினாடியில் தொடங்கிய பெட்டி பத்தொன்பது வினாடியில் தொடங்கியது. இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகளை அவன் அதில் போட்டிருந்தான்.

அதில் என்னுடைய அறுநூற்றுப் பதினோரு வரிகள் நீக்கப்பட்டிருந்தன. திரையில் ஒவ்வொன்றும் சிவப்பாக, முன்னால் ஒரு கழித்தல் குறியோடு இருந்தது. நான் கடைசிவரை உருட்டிப் பார்த்தேன்.

அந்த வாரமே எங்கள் மேலாளர் ரெனாட்டா என் அறைக்கு வந்தாள்.

"ஓல்டா, ராடிமோட ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொண்ணோட முடியுது. இந்த வேலை இந்தத் தடவை கெர்னலுக்குள்ள போயிடுச்சுன்னா நிரந்தரமாக்கிடலாம்னு மேல சொல்லிட்டாங்க. போகலன்னா என்னால பேசக்கூட முடியாது. நல்லா இருக்கா அது?"

"பாக்கணும்" என்றேன்.

"சீக்கிரம் பாரு. அவனுக்குத் தெரியும், உனக்கும் தெரியட்டும்னுதான் சொல்றேன்."

புதிய வேலைகளை ஏற்கும் வாசல் மார்ச் இருபத்துநாலாம் தேதி திறக்க இருந்தது. அதற்குமுன் நான் எடுத்து, கெர்னல் நிரலின் என் பிரதியான என் கிளையில் சேர்த்திருந்தால்தான் அது உள்ளே போகும். தவறினால் அடுத்த வாசலுக்கு ஒன்பது வாரம்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி உட்கார்ந்து முழுவதும் படித்தேன். நன்றாக இருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நாலாவது பேட்சில் ஒரே ஒரு தவறு. ஒரு கோப்பு பெரும்பாலும் ஒரு பக்கத்தின் நடுவிலேயே முடிந்துவிடும். அந்தக் கடைசிப் பக்கத்தின் மீதியைப் பூஜ்யத்தால் நிரப்பியாக வேண்டும். நிரப்பாவிட்டால் அந்த நினைவிடத்தில் முன்பு கிடந்தது, வேறு யாருடைய கடவுச்சொல்லாகவும் இருக்கலாம், படிப்பவனுக்குத் தெரிந்துவிடும். ராடிம் அதை மறந்திருந்தான். ஒரு வரி போதும்.

என் சந்தேகம் சரிதானா என்று பார்க்க, பன்னிரண்டு வரியில் ஒரு சோதனை எழுதினேன். ஓட்டினேன், சரிதான். சோதனையை, வெளியிடாமல், என் கணினியில் என் கிளையில் பதிந்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

"பாத்தியா?" என்று ராடிம் கேட்டான்.

எங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. வேலை சம்பந்தமானது எல்லாம் லிஸ்டில்தான். லிஸ்டில் இல்லாதது நடக்கவே இல்லை என்றுதான் கணக்கு. உலகம் முழுக்க எல்லாரும் படிக்கும்படி இருக்கவேண்டும் என்பதற்காக வந்த வழக்கம்.

"லிஸ்ட்ல பேசிக்கலாம்" என்றேன்.

"லிஸ்ட்ல நீ எங்கடா பேசுற? உசுரோட இருக்கியான்னு ஆளுங்க எனக்குத் தனியா மெயில் போட்டுக் கேக்குறாங்க."

க்வேதா ரொட்டியை வைத்தபடி, "இவரு எங்கதான் பேசுறாரு? ஆறு வருஷத்துல எங்கிட்ட மொத்தமா இருபது வார்த்தை. அதுல பாதி 'உப்பு'" என்றாள்.

ராடிம் சிரித்தான். நானும் சிரித்தேன். தவறு என் நாக்கு நுனியில் இருந்தது. சூப்போடு விழுங்கிவிட்டேன்.

ஒரு வாரம் பதில் வராவிட்டால் பணிவாக நினைவூட்டலாம் என்பதும் எங்கள் வழக்கம். பதினேழாம் தேதி முதல் நினைவூட்டல் வந்தது. மார்ச் மூன்றில் இரண்டாவது. போர்ச்சுகலிலிருந்து யாரோ, தன்னிடம் இருக்கும் பெட்டியில் நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருந்தார். நான் எழுதவில்லை. ஒவ்வொரு நாளும், நாளைக்கு எழுதலாம் என்று நினைத்ததாகச் சொல்ல ஆசையாக இருக்கிறது. அப்படி நினைக்கவில்லை. காலையில் அவன் மடலைத் திறப்பேன், படிப்பேன், மூடுவேன். அந்த நேரத்தில் எனக்குள் ஓர் அமைதி இருந்தது. வேறெதிலும் அப்போது எனக்கு அது கிடைக்கவில்லை.

பதினாலாம் தேதி மூன்றாவது வந்தது. "எதை மாற்றச் சொன்னாலும் மாற்றுகிறேன்" என்று முடித்திருந்தான். அன்று மதியம் அவன் மேசையில் பேசவில்லை. க்வேதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, வியாதி ஒட்டிக்கிச்சா?" என்றாள்.

ராடிம் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான். "ஓல்டா, நான் உனக்கு ஏதாவது பண்ணிட்டேனா?"

"இல்லையே."

"அப்ப வேண்டாம்னாவது எழுது. அதையாவது காட்டி ரெனாட்டாகிட்ட அவகாசம் கேட்டுப்பேன்."

"லிஸ்ட்ல" என்றேன்.

மார்ச் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. லிஸ்டில் பதில் எழுதினேன். "நாலாவது பேட்ச். கடைசிப் பக்கத்தின் மீதி பூஜ்யமாக்கப்படவில்லை. பிறர் தகவல் கசியும். இதைச் சோதித்துத்தான் அனுப்பினீர்களா? நிராகரிக்கிறேன்." வழக்கமாக அவனை ஒருமையில் அழைப்பவன், அன்று மரியாதையாக எழுதினேன்.

நாலு இருபதுக்குத் திருத்திய பேட்ச் வந்துவிட்டது. அதோடு மன்னிப்பும், நன்றியும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவன் எழுந்து நின்று என்னைப் பார்ப்பது தெரிந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுதினேன். "வாசல் திறக்க இவ்வளவு குறைந்த நேரம் இருக்கையில் இத்தனை பெரிய மாற்றத்தை எடுக்க முடியாது. அடுத்த முறை பார்க்கலாம்." விதிப்படி அது சரி. லிஸ்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி அவன் மேசையைக் காலி செய்தான். என் அறை வாசலில் நின்று, "உன்மேல கோபம் இல்ல. தப்பு என்னோடதுதான். அதப் போய் மறந்திருக்கேன் பாரு" என்றான். அவன் அதை நிஜமாகவே நம்பினான். நான் தலையாட்டினேன்.

ஏப்ரலில் ரெனாட்டா வந்தாள். "வாடிக்கையாளருங்க அதைக் கேக்குறாங்க. சேத்துடு." அவன் திருத்தி அனுப்பியிருந்த ஏழு பேட்ச்களையும் அடுத்த வாசலுக்காக அப்படியே என் கிளையில் எடுத்தேன். இயற்றியவர் என்று அவன் பெயர்தான் இருந்தது. அதுவும் வழக்கம். ஒரு வேலை முழுமையாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எனவே, கூடவே என் சோதனையையும் சேர்த்து வெளியிட்டேன். பதியும்போதே தேதியும் சேர்ந்து பதிந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே தெரிந்துகொள்வது. ஒரே கட்டளையில் அதை மாற்றியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

தானாகப் போகும் அறிவிப்பு ராடிமுக்கும் போயிற்று. மறுநாள் காலை லிஸ்டில் அவனுடைய மடல் இருந்தது.

"சோதனை பதிந்த நாள்: பிப்ரவரி 11.
எனக்குச் சொன்ன நாள்: மார்ச் 21.
ஓல்டா, பதினொண்ணாம் தேதி மதியம் நாம சூப்பு சாப்பிட்டோம்."

முதல் இரண்டு வரிகளை எல்லாரும் புரிந்துகொண்டிருப்பார்கள். மூன்றாவது எனக்கு.

யாரும் பதில் எழுதவில்லை. ஒரு நாள் போயிற்று, மூன்று நாள் போயிற்று. நூற்றுக்கணக்கானவர்கள் படித்துவிட்டு மூடியிருந்தார்கள். தங்கள் நிரலுக்கு என்னிடம் ஒப்புதல் வாங்குகிறவர்கள் அவர்கள், இனியும் வாங்க வேண்டியவர்கள். எட்டாம் நாள் ஒரு நீண்ட பதில் எழுதினேன். ஆம், தெரியும் என்று தொடங்கி, அறுநூற்றுப் பதினோரு வரிகளைப் பற்றியும் எழுதினேன். படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மையாகத்தான் இருந்தது. முழுவதையும் அழித்தேன்.

பேட்சைக் கிளையில் எடுத்ததும் பராமரிப்பவர் எழுதவேண்டிய வரி ஒன்று பாக்கி இருந்தது. ராடிமின் மூன்று வரிகளுக்குக் கீழே அதை எழுதி அனுப்பினேன்.

"ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி."

பிறகு சாப்பிடப் போனேன். க்வேதா ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்தாள். எதிர் நாற்காலியைக் கேட்காமலே இழுத்துப் பக்கத்து மேசைக்குக் கொடுத்தாள்.