ஒரு கையால் திறக்கிற லேப்டாப்

காலை பத்தரை மணிக்குக் கோட்டாற்றில் அந்தக் கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடிக் கதவை ரெஜிலா தோளால் தள்ளித் திறந்தாள். வலது கையில் குடையும் பர்சும் இருந்தன. இடது கை முழுக்கைச் சட்டைக்குள் சும்மாவே தொங்கியது.

பூதப்பாண்டியில் தனியாக வாழ்கிறவள் அவள். வயது முப்பத்துநான்கு. தாய் தகப்பன் இல்லை. அண்ணன் ஜினோ மஸ்கட்டில் இருந்தான். திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்காக, தமிழிலும் மலையாளத்திலும் வரும் புகார்க் கடிதங்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதுவது அவள் வேலை. 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு நாளைக்கு நாற்பது பேருக்காவது எழுதுவாள்.

ஒரு வருடத்துக்கு முன் அவள் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நாகர்கோவில் வந்து நான்கு மணி நேரம் டயாலிசிஸ் கட்டிலில் கிடக்க வேண்டும். அதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. சிகிச்சை நடக்கும்போது அதை அசைக்கவும் கூடாது.

லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. "செவ்வாய்க்கிழமை முதல் ஆஸ்பத்திரியில் இருந்தாவது வேலை பாருங்கள். இல்லையென்றால் வேறு ஆள் எடுக்க வேண்டிவரும்" என்று கம்பெனி சொல்லிவிட்டது. வீட்டில் இருந்ததோ மேசைக் கம்ப்யூட்டர்.

"சின்னதா, கனம் இல்லாததா ஒரு லேப்டாப் வேணும். நாப்பதாயிரத்துக்குள்ள," என்றாள் கடையில்.

விற்பனையாளன் சஜின் சுறுசுறுப்பானவன், வாய்க்காரன். அந்த மாதம் பெரிய மாடல் இன்னும் இரண்டு விற்றால் அவனுக்கு ஊக்கத்தொகை கிடைக்கும். மேனேஜர் அனில்குமார் காலையில்தான் அதை நினைவுபடுத்தியிருந்தார்.

"சின்னத எடுத்தா கண்ணு போயிரும் அக்கா. இதப் பாருங்க, பெரிய ஸ்கிரீன். பேக்கும் மவுசும் ஃப்ரீயாக்கும்."

"கனமா இருக்குமா?"

"என்ன கனம்? நம்ம ஊரு பொம்பளைங்க தண்ணிக் கொடத்த இடுப்புல வச்சுக்கிட்டு அரை மணிக்கூறு கதை பேசுவாங்க. இதெல்லாம் ஒரு கனமா?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். ரெஜிலாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டிவரும். ஒரு தடவை சர்ச்சில் ஒரு பெண்ணிடம் சொன்னதற்கு, "இனி உனக்கு யாரு மாப்பிள்ள தருவா?" என்றுதான் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் ஜெப விண்ணப்பச் சீட்டில்கூடத் தன் பெயரை எழுதியதில்லை. ஆண்டவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"பெருசாவே எடு மக்கா. பைசா நான் போடுதேன்லா," என்றான் ஜினோ.

"அண்ணே, எனக்கு அது…"

"டூட்டிக்கு வண்டி வந்தாச்சு. வைக்கட்டா?"

நல்லவன்தான். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்றும் கேட்பான். ஆஸ்பத்திரியிலிருந்து எப்படி வீடு திரும்புகிறாள் என்று மட்டும் அவன் கேட்டதில்லை.

பெரியதற்கே பில் போட்டார்கள். அட்டைப்பெட்டியை வலது கையில் தூக்கிக்கொண்டு ரெஜிலா வெளியே வந்தாள். பத்து அடி நடந்ததும் பக்கத்து மளிகைக் கடைப் படியில் இறக்கி வைத்தாள். மறுபடி தூக்கினாள். முடியாமல் அதே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்த சஜின் வெளியே வந்தான். "ஆட்டோ பிடிக்கட்டா அக்கா?"

"வேண்டாம். பஸ்ஸுக்குத்தான் போணும்."

"மத்தக் கையும் கொடுத்துப் பிடிங்க. ஒத்தக் கையால தூக்குனா தோளு போயிரும்."

"அந்தக் கை ஆகாது."

"என்னாச்சு? விழுந்தீங்களா?"

சும்மா கேட்டதுதான். ஆனால் அது ஆளைப் பார்த்துக் கேட்ட கேள்வி. கடைக்குள் குவித்திருந்த வற்றல் மிளகாயின் நெடி ஏறி அவள் இரண்டு தும்மல் தும்மினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கட்டிலைச் சொன்னாள், கையைச் சொன்னாள், செவ்வாய்க்கிழமையைச் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை. சஜினுக்குத்தான் முகம் கறுத்தது. தண்ணீர்க் குடம் என்று தான் பேசிய பேச்சை எங்கே கொண்டு ஒளிப்பது என்று தெரியவில்லை.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா அக்கா?"

"நீங்க கேக்கல்லியே."

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வரும்போது பெரிய லேப்டாப்போடு இன்னொன்றும் கையில் இருந்தது. போன வருடத்து மாடல். சின்னது, பகட்டு இல்லாதது, அதனாலேயே யாரும் கேட்காமல் மேல் அலமாரியில் கிடந்தது.

"பெட்டியில எழுதுன கனத்த நம்பக் கூடாது. சார்ஜரையும் சேத்து நிறுக்கணும்," என்றபடி மளிகைக் கடைத் தராசில் பெரியதை வைத்தான்.

கடைக்காரர் சுயம்புலிங்கம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏலே, கம்ப்யூட்டரையும் கிலோ கணக்குல விக்கத் தொடங்கியாச்சா?"

"ஒரு நிமிசம் அண்ணாச்சி. மிளகாய்க்கு ஒண்ணும் ஆவாது."

பெரியது இரண்டு கிலோ நானூறு காட்டியது. சின்னது ஒன்றரைக்கும் கீழே நின்றது.

"ஒரு கிலோ சீனி வித்தியாசம்," என்றார் சுயம்புலிங்கம்.

சஜின் தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். ஒரு கையால் பெரியதன் மூடியைத் தூக்கினான். அடிப்பாகமும் சேர்ந்து எழும்பியது. சின்னதன் மூடி ஒரு விரலுக்கே திறந்தது.

"கட்டில் பக்கத்துல பிளக் இருக்கா?"

"மெஷினுக்கு மட்டும்தான்."

"எட்டு மணி நேரம் சார்ஜ் நிக்கும்னு எழுதியிருக்கான். ஆறு கிட்டும்."

"எனக்கு நாலு போதும்."

மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அனில்குமார் சஜினை முறைத்தார். "வித்த சாமான மாத்திக் கொடுத்திருக்க. நீ யாருக்கு வேல பாக்க?"

"அது அவங்களுக்கு ஒத்து வராது சார்," என்றான் சஜின். அந்த மாதம் அவனுக்கு ஊக்கத்தொகை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ரெஜிலா கட்டிலில் சாய்ந்தாள். இடது கையில் ஊசிகள் ஏறின. சாப்பாட்டுப் பலகையில் லேப்டாப்பை வைத்து ஒரு விரலால் திறந்தாள். ஒற்றைக் கையால் மெதுவாகத்தான் தட்ட முடிந்தது. பதினொன்றரைக்குள் பதினெட்டுக் கடிதங்களுக்குப் பதில் போனது. 'வியாழனும் இப்படியே தொடருங்கள்' என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது.

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று மனதுக்குள் சொன்னாள். இந்தச் செய்தியை யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. கூட வந்தவர்கள் உட்காரும் நாற்காலி எப்போதும்போல் காலியாக இருந்தது. ஜினோ டூட்டியில் இருப்பான்.

தலையைத் திருப்பினாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். நான்கு மாதமாக அதே நேரம், அதே கட்டில். அவளுக்குப் பக்கத்து நாற்காலியும் காலிதான். அவள் பெயர் என்னவென்று ரெஜிலாவுக்குத் தெரியாது. அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று இருந்த நான், ஒரு கை நீட்டும் தூரத்தில் கிடக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டேனா?

லேப்டாப்பை மூடினாள். "உங்களுக்கு ஊரு எங்க?"

அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். "குளச்சல். பேரு ஜாஸ்மி." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "நீங்க பெரிய ஆபீஸ் ஆளுன்னு நெனச்சேன். அதான் பேசாம, மிண்டாம கிடந்தேன்."

"நானும் மிண்டல்லியே. கூட யாரும் வரல்லியா?"

"பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம். அவரு கடலுக்குப் போயிருக்காரு. போவும்போது பஸ்ஸுல தலை சுத்தும், அதுதான் பயம்."

"எனக்கும் சுத்தும். இனி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேந்து போவோம்."

ஜாஸ்மி தலையாட்டினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரெஜிலா மெல்லச் சொன்னாள்: "யாராவது கேக்கட்டும்னு ஒவ்வொருத்தரும் காத்துக் கிடக்கோம் ஜாஸ்மி. பைசா அனுப்பவும் புத்தி சொல்லவும் நெறய பேரு உண்டு. 'ஒனக்கு என்ன கஷ்டம்'னு கேக்கத்தான் ஆளில்ல. அதுக்குச் செலவு ஒண்ணும் இல்ல. மொதல்ல நாம கேக்கணும்."