விளிம்புவரை

சவவண்டி தூக்குப்பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. தடுப்புக் கட்டை இறங்கியது, பாலம் நிதானமாக எழுந்து நின்றது. கீழே கால்வாயில் ஒரு பாய்மரப் படகு போயிற்று. அதிலிருந்தவர் கறுப்பு வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். இன்னொரு கையில் இருந்த ஐஸ்கிரீமை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தார்.

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்." பின்னால் நின்ற காரில் வீபே ஸ்டியரிங்கைத் தட்டினார். இறந்துபோன டௌவேயின் அண்ணன் அவர். "நம்ம ஊர் சர்ச்சை ஒட்டியே மண்டபம் இருக்கு. நடந்தே போயிருக்கலாம். இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு தகனக்கூடம், அதுவும் சனிக்கிழமை! சனிக்கிழமைக்கு எவ்வளவு கூட வாங்குறாங்க தெரியுமா?"

"தெரியாம என்ன? கையெழுத்துப் போட்டதே நான்தான்," என்றாள் கிரீட்யா.

"டீப் பையைக் காயவெச்சு ரெண்டாந்தரம் போடுற ஆளும்மா அவன்!"

கிரீட்யாவுக்கும் அதுதான் செரிக்கவில்லை. பால் லாரி ஓட்டிய டௌவேயோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவள். அந்த ஊரில் எல்லோரையும் போல அவரும் தன் கடைசி நாளுக்கான விருப்பங்களைச் சின்னப் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை அதைப் பிரித்தார்கள். பெட்டி: இருப்பதிலேயே மலிவானது. இசை: வேண்டாம். பூ: தோட்டத்தில் பூத்தது போதும். அதுவரைக்கும் அவர்தான். அதற்கப்புறம், இடம்: இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த இந்தத் தகனக்கூடம். நாள்: சனிக்கிழமை மட்டும். கீழே இரண்டு கோடு வேறு.

அதற்கும் கீழே, சடங்கு முடிந்து வந்தவர்களுக்குத் தரும் காபி என்ற இடத்தில் ஒரு வரி இருந்தது. அதை மட்டும் அவள் சத்தமாகப் படிக்கவில்லை. 'விளிம்புவரை ஊற்றும் பெண் ஊற்றட்டும்.' வலி மாத்திரை எழுதவைத்த உளறல் என்று நினைத்தாள். ஆனால் எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. தேதி போன அக்டோபர். யார் அந்தப் பெண்? நாலு நாளாக அந்த வரி அவளைக் குடைந்துகொண்டிருந்தது. புத்தகத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்தாள்.

பின்சீட்டில் மகள் நீன்கே ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பதினாறு வயது. செவ்வாய்க்கிழமை அந்தத் தகனக்கூடத்தின் பெயரைக் கேட்டதிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பா போன துக்கம் என்று கிரீட்யா விட்டுவிட்டாள். இப்போது அவள் கால் கண்ணில் பட்டது. வேலைக்குப் போகும்போது மட்டும் போடுகிற, ரப்பர் அடி வைத்த கறுப்புச் செருப்பு.

போன வருடம் ஏப்ரலில் அவளாகவே தேடிக்கொண்ட வேலை அது. நகரத்து விளிம்பில் ஒரு மண்டபம், சனிக்கிழமைகளில் காபி ஊற்றுகிறேன் என்று வீட்டில் சொன்னாள். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் போய் வந்தாள். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். "உன் காசை எனக்கெதுக்குச் செலவழிக்கிற?" என்று டௌவே கடிந்துகொண்டே படுக்கப் போவதற்குள் பொட்டலத்தைக் காலி செய்தார். ஜூனில் மருத்துவர்கள் அவருக்கு இனி அதிக நாள் இல்லை என்று சொன்னார்கள். அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் ஆரம்பித்துவிடுவார்.

"நாளைக்கு நானும் வர்றேன். எனக்கு ஒரு காபி ஊத்து."

"வெளியாளை உள்ள விடமாட்டாங்கப்பா."

"காசு குடுத்துக் குடிக்கிறேன்டி."

"அப்பவும் விடமாட்டாங்க."

வீட்டில் காபி போடுவது அவர் ஒருவர்தான். வேறு யாரையும் மெஷின் பக்கம் அண்ட விட்டதில்லை. அந்த மனிதர் மகள் கையால் ஒரு கோப்பை கேட்டுக் கேட்டே போய்ச்சேர்ந்தார். பாலம் இறங்கியது. வண்டிகள் நகர்ந்தன.

தகனக்கூட வாசலில் வீபே பெரிய கதவைத் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. நீன்கே போய், செடித்தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது.

"பெரியப்பா, உள்ள ஒரு படி இருக்கு. பாத்து."

உள்ளேயிருந்து யெல்லே என்ற வெள்ளைச் சட்டைப் பையன் கோப்பைத் தட்டோடு வந்தான். அவளை விட ஒரு வயது கூட இருக்கலாம். "ஏய் நீன்கே, இன்னிக்கு லீவு சொல்லியிருந்தியே, மறந்துட்டியா?" என்றான். அப்புறம்தான் அவளுக்குப் பின்னால் வந்த பெட்டியைப் பார்த்தான். காது வரை சிவந்துபோய், தட்டோடு சுவரை ஒட்டி நின்றுகொண்டான்.

குடும்பத்தாருக்கென்று ஒரு சின்ன அறை. வீபே கழிவறை தேடிப் போனதும் கிரீட்யா கதவைச் சாத்தினாள்.

"இங்கதான் வேலை பாக்குறியா?"

"ம்."

"கல்யாணம், மீட்டிங்னெல்லாம் சொன்ன?"

"மண்டபம்னுதான் சொன்னேன். கல்யாணம்னு நீங்களா நினைச்சீங்க." அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். "சூப்பர் மார்க்கெட்ல கேட்டேன், பேக்கரில கேட்டேன், ஆள் வேண்டாம்னுட்டாங்க. இங்கதான் எடுத்தாங்க. அப்பாகிட்ட சொல்லிச் சிரிக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஜூன் வந்துருச்சு. அப்புறம் எப்படிம்மா சொல்றது? நான் தகனக்கூடத்துல காபி ஊத்துறேன்ப்பா, வாங்கன்னா?"

கிரீட்யா மகளின் அருகே நெருங்கி வந்தாள்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டாரும்மா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொய் சொன்னேன். போற வரைக்கும் பொய்தான் சொன்னேன்."

கிரீட்யாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சடங்கு அரைமணி நேரத்தில் முடிந்தது. வீபே தம்பியைப் பற்றி நாலு வார்த்தை பேசினார், அதில் இரண்டு லாரியைப் பற்றியது. பெட்டி மேல் தோட்டத்து டியூலிப் பூக்கள் இருந்தன. எல்லோரும் வரிசையாக வந்து பெட்டியைத் தொட்டுவிட்டுக் காபி அறைக்கு நகர்ந்தார்கள்.

நீண்ட மேசைகளில் கோப்பைகளும் ஆளுக்கு ஒரு துண்டு கேக்கும் தயாராக இருந்தன. இரண்டு கேக் எடுக்க யாருக்கும் துணிச்சல் வராத ஊர் இது. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் கூஜாக்களோடு சுவரோரம் காத்து நின்றார்கள். நீன்கே விருந்தாளிகளோடு உட்காரவும் இல்லை, அந்தப் பிள்ளைகளோடு நிற்கவும் இல்லை. கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மண்டபப் பொறுப்பாளர் யான்னா, ஐம்பது வயதுக்காரி, கிரீட்யாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீன்கே உங்க மகள்னு இந்த வாரம்தான் எனக்குத் தெரியும். அவர் கூட சொல்லலை."

"எவர்?"

"உங்க வீட்டுக்காரர். அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை தன்னோட சடங்குக்கு இடம் பாக்க வந்தார். நாலு இடம் பாத்துட்டு முடிவு பண்ணுவேன், காபி நல்லாருக்கணும்னார்."

அந்தச் சனிக்கிழமை கிரீட்யாவுக்கு நினைவிருந்தது. நிற்கவே தெம்பில்லாத மனிதர், காரை எடுத்துக்கொண்டு போய், டியூலிப் கிழங்கு ஒரு பையோடு திரும்பி வந்தார். கிழங்கு வாங்க இவ்வளவு நேரமா என்று அவள் சத்தம் போட்டிருந்தாள்.

"இதோ, இந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தோம். பேசிட்டே இருந்தவர் சட்டுனு நிறுத்திட்டார். உள்ள வேற ஒரு வீட்டு ஆளுங்களுக்கு நீன்கே ஊத்திட்டிருந்தா. ரொம்ப நேரம் பாத்தார். அந்தப் பொண்ணு வேலை எப்படின்னு கேட்டார். நல்ல பொண்ணு, ஆனா கோப்பையை விளிம்புவரை ரொப்பிடுவா, நூறு தடவை சொல்லியாச்சுன்னேன். அப்படிச் சிரிச்சார்! என்னைக்கெல்லாம் வருவான்னார். சனிக்கிழமைன்னேன். அங்கேயே எழுதிட்டார். கூடுதல் கட்டணம் ஆகுமேன்னேன். 'ஆகட்டும், நானும் எத்தனை மாசமா கேக்குறேன், ஓசில கிடைக்கலையே'ன்னார். எனக்கு அப்பப் புரியலை."

கிரீட்யா மாதங்களை எண்ணிப் பார்த்தாள். அதற்குப் பிறகும் ஆறு மாதம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் கேட்டார். கேட்பதை நிறுத்தினால் மகளுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். திருட்டு மனுஷன், என்று நினைத்தாள். அவளுக்கு அவர் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது.

எழுந்து கதவருகே போனாள். கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து மகளிடம் நீட்டினாள்.

நீன்கே படித்தாள். தேதியைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"யாரும்மா சொன்னாங்க அப்பாகிட்ட?"

"யாரும் சொல்லலை. இங்க வந்து பாத்துட்டுப் போயிருக்கார்."

"எப்போ?"

"தோட்டத்துக்கு டியூலிப் வாங்கப் போன அன்னிக்கு."

நீன்கே புத்தகத்தை மூடி அம்மாவிடமே கொடுத்தாள். வாய் கோணிற்று, ஆனால் அழவில்லை. சுவரோரம் நின்ற பையனிடம் போய்க் கையை நீட்டினாள். "யெல்லே, உன் ஏப்ரனைக் குடு." அவன் யான்னாவைப் பார்த்தான். யான்னா தலையாட்டினாள். நீன்கே கறுப்பு உடைக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு, கூஜாவை எடுத்துக்கொண்டு வந்தாள். ரப்பர் செருப்பு சத்தமே போடவில்லை.

கிரீட்யா தன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். முதல் கோப்பை அவளுக்கு.

"பால் வேணுமா?" மற்றவர்களிடம் கேட்கிற அதே குரல்.

"அவர் பால் விடமாட்டார். அப்படியே ஊத்து."

நீன்கே ஊற்றினாள். கோப்பை நிறைந்தது, இன்னும் நிறைந்தது, விளிம்போடு நின்றது. ஒரு சொட்டுக் கூடத் தட்டில் விழவில்லை. அடுத்தது வீபேக்கு.

"எப்படிம்மா இதைத் தூக்குறது?" என்றார் வீபே.

"தூக்காதீங்க பெரியப்பா," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்தவரிடம் போனாள்.

கிரீட்யா கோப்பையைத் தொடவில்லை. மேசை மீது குனிந்து, உதட்டை விளிம்பில் வைத்து முதல் வாய் உறிஞ்சினாள். பக்கத்தில் வீபேயும் குனிந்தார். நீன்கே போகப் போக, மேசை நெடுகத் தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன.