குவைத்திலிருந்து வந்த டியூனர்

குவைத்தில் வேலை பார்த்த மகன் ஸ்டீவ் அனுப்பிய டியூனரை, இன்னாசிமுத்து முதலில் ரேடியோ என்றுதான் நினைத்தார். ஸ்டீவோடு அதே கடையில் பாட்டுப்பெட்டிகளுக்குப் பழுது பார்க்கும் காரமடை அரங்கசாமி, தொண்ணூறாம் ஆண்டு ஜூன் மாதம் விடுப்பில் வந்தபோது அதைத் துணிகளுக்கு நடுவே பொதிந்து புலியகுளத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

வெள்ளி நிற முகப்பு, நீளக் கண்ணாடி, விரல் பட்டாலே வழுக்கி ஓடும் கனமான திருகு. பழைய ஜப்பான் சாமான். யாரோ வேண்டாமென்று கடையில் விட்டுப்போனதை, ஸ்டீவ் ஒவ்வொரு டிரான்சிஸ்டராகச் சோதித்து உயிர்ப்பித்திருந்தான்.

இன்னாசிமுத்து பிளக்கைச் சொருகினார். கண்ணாடிக்குப் பின்னால் பச்சை வெளிச்சம் வந்தது. திருகைத் திருப்பத் திருப்ப, கோவை நிலையம் வருமிடத்தில் சின்ன முள் ஒன்று துள்ளி எழுந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"வர்ற வழியில அடிபட்டுப் போச்சாட்ட இருக்குது" என்றார்.

"இல்லீங்கய்யா. இது ஸ்டேஷன மட்டுந்தான் புடிக்கும். சத்தம் வரோணும்னா ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் தனியா வேணுங்க. கிறிஸ்மஸுக்கு வாரப்ப அவனே கொண்டாரேன்னு சொன்னானுங்க" என்றான் அரங்கசாமி.

ஸ்டீவின் அம்மா விமலாராணி சிரித்தாள். "பாதி ரேடியோவ அனுப்பிப்போட்டு மீதியக் கையில கொண்டாரானாக்கும்!"

ஆகஸ்டில் குவைத்துக்குள் பக்கத்து நாட்டுப் படை புகுந்தது. ஃபோன் போகவில்லை. தெருவில் டிவி இருந்த வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு உட்காரவைத்துச் செய்தி காட்டினார்கள். விமலாராணி சில நாள்தான் போனாள்.

"ஏனுங்க, நம்ம ஊட்லயே கேக்கற மாதிரி பண்ணுங்க. அடுத்தவங்க ஊட்ல உக்காந்து அழுக முடியிலீங்க" என்றாள்.

கோயில் திருவிழாவுக்கும் கல்யாணங்களுக்கும் மைக்செட் போடும் அப்துல் வஹீது, விஷயம் தெரிந்ததும் தன்னிடமிருந்த ஆம்ப்ளிஃபயரையும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். டியூனரின் பின்புறம் வயரைச் செருகினார். செய்தி வாசிப்பவர் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போலக் குரல் வந்தது. தாளைப் புரட்டுவதுகூடக் கேட்டது.

"என்ன சுத்தமா இருக்குது பாருங்கண்ணா! பையன் கை வெச்சதுங்கோ" என்றார் வஹீது.

இன்னாசிமுத்துவுக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குள், குவைத்தை விட்டு ஓடிவந்து பாலைவனத்துக் கூடாரங்களில் தண்ணீருக்குத் தவிக்கும் ஆட்களைப் பற்றி அந்தக் குரல் சொல்ல ஆரம்பித்தது.

பம்பாய்க்கு விமானம் விமானமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு செய்தி முடிந்ததும் விமலாராணி வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருவாள். விடுப்பில் வந்திருந்ததால் தப்பித்த அரங்கசாமி, திரும்பி வந்தவர்களைத் தேடித் தேடி விசாரித்தான். கடைசியில், ஸ்டீவோடு ஒரே லாரியில் புறப்பட்ட சீனிவாசலு என்பவரைக் கண்டுபிடித்து வீட்டுக்கே அழைத்து வந்தான்.

சீனிவாசலு காபியைத் தொடவில்லை.

"வழியில துப்பாக்கிக்காரங்க லாரிய நிறுத்திப்போட்டாங்க. எல்லாரோட பையையும் கொட்டிப் பாத்தாங்க. தம்பி பையில மீட்டரும் சால்டரிங் அயர்னும் இருந்துச்சுங்க. வயர்லெஸ் ரிப்பேர் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னான். எறங்குன்னாங்க."

"அப்புறம்?" என்றாள் விமலாராணி.

"லாரிய எடுக்கச் சொல்லிட்டாங்கம்மா. எங்களால ஒண்ணும் பண்ண முடியிலீங்க."

கலெக்டர் ஆபீஸ், எம்.பி. வீடு, மெட்ராஸ் என்று இன்னாசிமுத்து அலைந்தார். எல்லா இடத்திலும் மரியாதையாக உட்காரவைத்து, விசாரிப்பதாகச் சொன்னார்கள். கிறிஸ்மஸ் வந்து போனது. ஜனவரியில் குவைத்தை மீட்கக் குண்டு போட ஆரம்பித்தார்கள். அதையும் அந்தச் சுத்தமான குரலில்தான் இருவரும் கேட்டார்கள். சண்டை ஓய்ந்ததும், செய்தியில் குவைத்தின் பேரே வராமல் போயிற்று. அந்த இடத்தைத் தேர்தல் பிடித்துக்கொண்டது.

சித்திரை கடைசியில் வஹீது வந்தார். வந்ததிலிருந்து வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்.

"கல்யாண சீசனாக்கும். செட்டு பத்தாது, அதான வஹீது?" என்று இன்னாசிமுத்துவே கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா..."

"எடுத்துக்கப்பா. இனிக் கேக்கறதுக்கு என்ன இருக்குது?"

வயர்களை இன்னாசிமுத்துவே பிடுங்கிச் சுருட்டிக் கொடுத்தார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. இன்னாசிமுத்துவின் அப்பா கல்லறையை விமலாராணி கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிறகு பைக்குள்ளிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்தாள்.

"அது ஆருக்கு?"

அவள் அதன் திரியை நிமிர்த்தினாள்.

"வேண்டாம் ராணி. அவன் செத்தத ஆரும் பாக்கல."

"உசுரோட இருக்கறதயும் ஆரும் பாக்கலீங்களே" என்றாள்.

சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னாசிமுத்து மண்டியிட்டு, கல்லறையின் ஓரத்தில் விரலால் மண்ணைப் பறித்துச் சின்னக் குழி செய்தார். அவள் மெழுகுவர்த்தியை நட்டாள். தீக்குச்சியை உரசினார், பற்றவில்லை. அவள் பெட்டியை வாங்கித் தானே ஏற்றினாள்.