புறங்கையின் பிழைவீதம்

மனிதக் கைக்குக் காய்ச்சல் பார்க்கத் தெரியாது என்பதை உலகுக்கு நிரூபிக்கப்போகும் ஊர் திண்டுக்கல். இதைச் சொன்னவர் எங்கள் கல்லூரியின் உடற்கல்வித் துறை உதவிப் பேராசிரியர் ராயப்பராஜ். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நெற்றிக்கு நேரே நீட்டி அழுத்தினால் எண் காட்டும் துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்றை வாங்கியிருந்தார். ஓட்டக்காரர்களின் உடல்வெப்பம் பற்றி அவர் செய்யும் முனைவர் பட்ட ஆய்வில் அறிவு என்று இருந்தது அந்தத் துப்பாக்கிக்கு மட்டும்தான்.

வருகைப்பதிவு குறைந்த குற்றத்துக்காக, அவர் சொல்லும் எண்களை நோட்டில் எழுதும் தண்டனை எனக்கு.

"தொட்டுத் தொட்டுப் பாத்தே நாட்டைக் கெடுத்துப்புட்டாங்க அக்மல். அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை பத்தாயிரம் மீட்டர் தேர்வோட்டம். முதல் இருவர் பல்கலைக்கழக அணிக்குப் போவார்கள். எரியோட்டிலிருந்து வரும் மதியழகனுக்கு இது கடைசி வருடம். இதை விட்டால் அணி கிடையாது. முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டியவன் ஓடக் கூடாது என்பது ராயப்பராஜ் போட்ட விதி. முதல்வர் அதைப் படிக்காமலே கையெழுத்திட்டிருந்தார்.

காலையிலிருந்து வெயிலில் நின்ற காரைத் திறந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் காய்ந்துகொண்டிருந்த துப்பாக்கியை எடுத்து வந்தார். மதியழகனின் நெற்றியில் நீட்டினார்.

"முப்பத்தொம்பது புள்ளி ஒண்ணு. நீ ஓடல."

"காய்ச்சல் இல்ல சார். பஸ்ஸுல வெயில் பக்கம் ஜன்னல் சீட்டு. அம்புட்டுத்தான்."

"ஜன்னல் சீட்டுக்கெல்லாம் ஆய்வுல எடமில்ல."

மைதானத்தில் தண்ணீர் டிரம் நிரப்பும் மாயம்மாள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, புறங்கையை அவன் கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

"சுடல சார். செத்த நேரம் நெழல்ல நின்னா சரியாப் போகும். ஓடட்டும்."

ராயப்பராஜ் அந்தக் கையை இரக்கத்தோடு பார்த்தார். "மாயம்மா, இந்தக் கைய கடைசியா யாரு சோதிச்சு சரிபாத்தாங்க? சான்றிதழ் இருக்கா?"

"ரேசன் கார்டு இருக்கு சார்."

நான் என் நெற்றியைக் காட்டினேன். முப்பத்தொன்பது புள்ளி நான்கு. அடுத்துச் சோதனைக்குக் காத்திருந்த ஓட்டக்காரன் பாஸ்கலுக்கும் முப்பத்தொன்பது. கடைசியாக அவர் தன் நெற்றியிலேயே சுட்டுக்கொண்டார். முப்பத்தொன்பது புள்ளி எட்டு.

"அப்ப நீங்களும் ஓடக் கூடாது சார்," என்றேன்.

"ஊருல ஏதோ பரவுதுடா," என்றார் அவர், கவலையோடு. துப்பாக்கியைச் சந்தேகிப்பதைவிட ஊரையே படுக்கவைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

மதியழகன் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். மறுபடி அவிழ்த்தான். "மூணு வருசமா ஓடுறேன் சார். இன்னொரு தடவ பாருங்க சார்."

இன்னொரு தடவை நீட்டினார். திரை இருண்டுவிட்டது. டிவி ரிமோட்டைத் தட்டுவதுபோல் உள்ளங்கையில் தட்டினார். பேட்டரியைத் திருகினார், கழற்றி ஊதினார், பேன்டில் தேய்த்தார். அறிவியல் திரும்பி வரவில்லை.

"ரெண்டு நிமிசம்," என்று தொடக்கக் கோட்டருகிலிருந்து குரல் வந்தது.

எண் இல்லாமல் யாரும் ஓட முடியாது. யாரும் ஓடாவிட்டால் அவருடைய ஆய்வும் நடக்காது. ராயப்பராஜ் சுற்றிலும் பார்த்தார்.

"மாயம்மா, ரெண்டு கொடம் தண்ணி கொண்டாங்க."

டிரம் நிரம்பியிருந்தது. இருந்தாலும் மாயம்மாள் போனார்.

"அக்மல், கேட்டுப் பக்கம் யாரு வாராங்கன்னு பாரு."

யாரும் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கம்தான் அவருடைய கார் நின்றது. அதன் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. அவர் புறங்கையை மதியழகனின் கழுத்தில் வைத்தார். எடுத்துத் தன் கழுத்தில் வைத்து ஒப்பிட்டார். மறுபடி அவன் கழுத்தில் வைத்தார்.

"எழுதிக்க. முப்பத்தாறு புள்ளி எட்டு."

மதியழகன் தொடக்கக் கோட்டை நோக்கி ஓடினான்.

"கருவியோட பேருன்னு ஒரு கட்டம் இருக்கு சார். அதுல என்ன எழுத?"

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பாஸ்கலைக் கூப்பிட்டார். "கொஞ்சம் குனிப்பா," என்றார், மெதுவாக.