மூட்டைக்காரர் காவல் காத்த கல்

கடைத்தெருவில் அவரை மூட்டைக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். சிமென்ட் விற்கிறவர். விற்பதோடு சரி. அந்தச் சாம்பல் பொடி கடைப்படியைத் தாண்டிய பிறகு என்ன கதிக்கு ஆளாகிறது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள்கூட நாலு நாள் கழித்து எட்டிப் பார்ப்பார்கள். இவர் மூட்டை போனால் போனதுதான். கடைக்குள் இருக்கும்வரை மட்டும் அதற்கு ராஜ உபசாரம். தரையில் படக்கூடாது, பலகைமேல்தான் அடுக்க வேண்டும். யாராவது வாசலில் நின்று குடையை உதறினால், "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!" என்று பாய்வார்.

கூடப்பிறந்த தங்கை வீடு கட்டப்போகிறாள் என்றதும் அவள் மனையில் மூட்டை இறக்கச் சொல்லி லாரிக்காரனிடம் சொல்லிவைத்துவிட்டார். தங்கையோ தையல்காரி. வெட்டிய துணியில் விரற்கடை மிஞ்சினாலும் அதற்கு ஒரு பட்டன் பட்டை கண்டுபிடிக்கிறவள். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய செம்மண்ணை வெளியே கொட்ட மனசு வரவில்லை. அதையே சலித்து, கொஞ்சம் சிமென்ட் கலந்து, நீளமான கைப்பிடி வைத்த இரும்பு மெஷினை வாடகைக்கு எடுத்து அதில் போட்டு அழுத்தி, சூளையே இல்லாமல் கல் அறுக்க ஆரம்பித்தாள்.

"மண்ணுல வீடு கட்ட நீ என்ன எறும்பா?" என்றார் அண்ணன்.

"உன் சிமென்ட்டும்தான் போடுறேன்ண்ணா."

"எங்க போடுற? குழந்தைக்குப் பவுடர் பூசுற மாதிரில்ல தூவுற!"

கிண்டல் வாயோடு நின்றது. தங்கை என்றால் அவருக்கு உயிர். முன்பக்கச் சுவர்களுக்கான கல் தயாராகி, பின்பக்க அறைகளுக்கான கல்லையும் அழுத்தி அடுக்கிய கையோடு, ஊரிலிருந்து தகவல் வந்தது. அவள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டுவிட்டார். பஸ் டிரைவரான புருஷன் லீவு போட்டான். கிளம்புகிற வழியில் பையும் கையுமாகக் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, புதுக் கல்லு மேல ஈரச்சாக்கு போர்த்தியிருக்கேன். சாக்கு காயவே கூடாது. காலையும் சாயங்காலமும் தண்ணி தெளிச்சுடு. வேற யாரையும் நம்பி விட்டுட்டுப் போக மாட்டேன்."

"நீ போயிட்டு வாம்மா. அண்ணன் இருக்கேன்ல?"

அண்ணன் மனைக்குப் போனார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கல்லெல்லாம் கறுத்து, குளித்த எருமை மாதிரி சொட்டச் சொட்ட ஈரம். இதற்குள் சிமென்ட் அல்லவா இருக்கிறது! பாவம், துணியைப் பற்றித் தெரிந்தவள். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், நம்பிவிட்டாள். சிமென்ட்டைப் பற்றி யாரிடம் யார் சொல்வது?

சாக்குகளை உருவினார். கற்களைக் காற்றுப் போகிற மாதிரி தள்ளித் தள்ளி, கடையிலிருந்து கொண்டுவந்த பலகைகளின் மேல் வெயில் பார்த்து அடுக்கினார். பனிகூடப் படக்கூடாது என்று இருட்டுவதற்குள் தார்ப்பாய் போட்டார். தினமும் கடையை மனைவி பொறுப்பில் விட்டுவிட்டு வந்து பார்த்தார். கல் நாளுக்கு நாள் வெளுத்தது. வெளுக்க வெளுக்க அவர் முகமும் வெளிச்சமானது.

தங்கை திரும்பிய அன்று, பரிசு வாங்கக் காத்திருக்கிற பிள்ளை போல மனைவியோடு அங்கே நின்றார். அவள் வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது அண்ணி. ஆனா இனிமே தனியா இருக்க முடியாது. பின்பக்க ரூம் உங்களுக்குத்தான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மழைக்கு முன்னாடி கூரை போட்டுட்டா..."

பேச்சு நின்றது. ஒரு கல்லைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்தாள். மாவு மாதிரி கொட்டியது. இன்னொன்று. அதுவும் கொட்டியது.

"சாக்கு எங்கண்ணா?"

"மடிச்சு கடையில பத்திரமா வச்சிருக்கேன்."

அவள் மணல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். மூட்டைக்காரர் சொன்னார்: "ஓரம் லேசா உதிரத்தான் செய்யும். எந்தச் சரக்கா இருந்தாலும் அப்படித்தான். போகப்போகச் சரியாயிடும்." கட்டி தட்டிய மூட்டையைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம் பேசுகிற பேச்சு அது. பாதியில் அவர் காதுக்கே அது கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

"சிமென்ட் காஞ்சு இறுகுறது இல்லண்ணா. தண்ணி குடிச்சு இறுகும். குடிக்கிற நேரத்துல நீ பிடுங்கிட்ட."

மனைவி விடவில்லை. "ஏங்க, போன மழையில நம்ம கடைக் கூரை ஒழுகி மூட்டையெல்லாம் கல்லாப் போச்சே, தலையில கை வச்சு உக்காந்தீங்களே! தண்ணி பட்டாத்தான் அது கல்லாகும்னு அப்பக்கூடவா உறைக்கல?"

யாரும் சிரிக்கவில்லை. "திட்டாதீங்க அண்ணி," என்றாள் தங்கை. "மெஷின் நாளைக்கு வேற இடத்துக்குப் போகுது. பின்பக்கத்தை அப்புறம் பாத்துக்கலாம். அத்தைக்கு வேற ஏதாச்சும்..." என்று சொல்லிவிட்டு, அந்த வேறு ஏதாவது என்னவென்று தெரியாமல் விரலில் ஒட்டியிருந்த பொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நாலு வார்த்தை கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நேராக மெஷின்காரர் வீட்டுக்குப் போனார். அவர் ஒல்லியான மனிதர், பேச்சிலும் சிக்கனம்.

"இன்னும் ஒரு வாரம் விட்டு வைங்க."

"முடியாது."

"வாடகையைக் கூட்டித் தர்றேன்."

"வாக்கு கொடுத்தாச்சு."

மூட்டைக்காரர் பிறவி வியாபாரி. சரி, விடுங்க என்று எழுந்து வாசலை நோக்கி நடந்தார், எப்படியும் கூப்பிடுவார் என்று. கூப்பிடவில்லை. செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். ஜன்மத்தில் முதல் தடவையாகத் தானே திரும்பி வந்து நின்றார்.

"தப்பு என் பேர்லங்க. நனைச்சு வைன்னு தங்கச்சி சொல்லிட்டுப் போனா. நான் கல்லை வெயில்ல காயப்போட்டுட்டேன்."

மெஷின்காரர் நிமிர்ந்தார். "நீங்க சிமென்ட் கடைதானே வச்சிருக்கீங்க?"

"ஆமா."

சிக்கனமான மனிதர் சிரிப்பில் மட்டும் தாராளம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். "அங்க அஸ்திவாரமே முடியலையாம். ஒரு வாரம் வச்சுக்குங்க. ஆனா என் ஆளுங்க வர மாட்டாங்க. கைப்பிடியில தொங்கி அழுத்தறதுக்கு நல்ல கனமா ஒரு ஆள் வேணும்." மூட்டைக்காரரைத் தொப்பையிலிருந்து தோள்வரை ஒரு நோட்டம் விட்டார். "ஆளுக்கு நீங்க அலைய வேண்டாம் போலிருக்கே."

மறுநாள் மூட்டைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். புருஷன் மண்ணும் சிமென்ட்டும் புரட்டினான். தங்கை தண்ணீர் தெளித்து, ஒரு பிடி அள்ளி உருண்டை பிடித்து, பதம் பார்த்துப் பெட்டியை நிரப்பினாள். அண்ணன் தொங்கினார். மதியத்துக்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. சட்டைப்பையில் போன் அடித்தது. யாரோ பெரிய வாடிக்கை.

"எடுக்கணும்னா எடுத்துப் பேசு. கலவை காத்திருக்காது, அவ்வளவுதான்," என்றாள் தங்கை.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"மாப்பிள்ளை, சிரிக்காதீங்க. கைப்பிடி ஆடுது."

"கைப்பிடி ஆடல மச்சான். உங்க தொப்பை ஆடுது."

உதிர்ந்த பழைய கற்களையும் தங்கை விடவில்லை. திரும்ப நனைத்து, தட்டிப் பார்த்து, தேறினதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதை எதுக்கும்மா எடுத்து வைக்கிற?"

"உள்ள ஒரு தடுப்புச் சுவர் வருது. கூரை பாரம் அதுமேல வராது. நீ வந்தா தங்குறதுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில் போடலாம்."

"விழுந்துடாதே?"

"நீ சாய்ஞ்சு உக்காராம இருந்தா விழாது."

அவர் அந்தச் சுவரையும் தன் முதுகையும் மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தார். "அப்ப அத்தை ரூமுக்கு?"

"அவங்களுக்கு நீ தொங்கி அழுத்தினது," என்று சொல்லிவிட்டு, தங்கை அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.