முட்டைக்கோஸ் நாற்றம்

ரூடி பெட்ரிச் அண்ணனின் படத்தைப் பழைய துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எமிலைன் சுரங்கத்தின் எஞ்சின் கூடத்துக்குள் நுழைந்தான். வாசலில் நின்ற பெண் ஒரு டப்பாவில் விரலைத் தோய்த்துக்கொண்டு அவன் கன்னத்தை நோக்கி வந்தாள்.

"என்னம்மா இது?"

"கரி சார். உள்ள வர்ற எல்லாருக்கும் பூசறோம். சுரங்கத்து ஆள் மாதிரி இருக்கணும்ல?"

"கையை எடு."

எமிலைன் செம்புச் சுரங்கம். அங்கே எவனும் கரி முகத்தோடு மேலே வந்ததில்லை. சாம்பல் நிறச் சேற்றோடு வருவார்கள். வெட்டுப்பட்ட இடமெல்லாம் செம்புத் தண்ணீர் பட்டுப் பச்சைப் புண்ணாகிச் சீழ் வைத்திருக்கும். அதைப் பூசச் சொன்னால் இவள் பூசுவாளா?

ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இழுத்த பெரிய உருளை இருந்த இடத்தில் இப்போது விஸ்கி வடிக்கும் கொதிகலன் நின்றது. செம்பு நிறத்தில் தகதகவென்று மின்னியது. மேலே பலகை: 'கடைசிக் கூண்டு. மான்டானா விஸ்கி.' கலிஃபோர்னியாவிலிருந்து வந்த பிரெஸ்டன் என்பவன் அதன் முதலாளி. பாட்டிலில் ஒட்டுவதற்கு லூக்கா பெட்ரிச்சின் முகம் வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தான்.

லூக்காவின் மனைவி நொரீன் கையை விரித்துவிட்டாள். "உன் அண்ணன். நீயே பார்த்துக்க. எனக்கு அந்தப் பொந்தோட பேச்சே வேண்டாம்."

ரூடி சம்மதம் சொல்லத்தான் வந்திருந்தான். லூக்காவுக்குக் கல்லறை இல்லை. அவன் மாட்டிக்கொண்ட சுரங்கத் தீ அணைந்ததும், தண்ணீர் இறைக்கும் பம்பைக் கம்பெனிக்காரன் நிறுத்தினான். சுரங்கம் தண்ணீரால் நிரம்பியது, அண்ணன் அதற்குள்ளேயே கிடக்கிறான். பேர் வெட்டிய ஒரு கல்கூட ஊரில் கிடையாது. சாராய பாட்டிலிலாவது அவன் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கட்டுமே.

"டேய் ரூடி, இங்க வா!" சுவரோரம் பழைய கூட்டாளி கோர்னி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நைட் ஷிப்ட்காரர்கள் இன்னும் மூன்று பேர். கூடத்தின் மற்ற பகுதியெல்லாம் வெளியூர்க் கூட்டம், கரிக் கன்னங்கள், புதுத் தொப்பிகள். சுரங்கத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் மாட்டிறைச்சிப் பண்டமான பேஸ்டியைக் கட்டைவிரல் அளவில் செய்து குச்சியில் குத்திக் கொடுத்தார்கள்.

"இதைப் பாருடா," என்றான் கோர்னி. "எங்கம்மா சுட்ட பேஸ்டி போட்ட குட்டி மாதிரி இருக்கு."

ரூடி ஒன்றை வாயில் போட்டான். உள்ளே மாட்டிறைச்சி இல்லை, ஏதோ இனிப்புச் சாறு. துண்டு முனையில் துப்பினான்.

"அது செம்பு இல்லடா, தெரியுமா?" கோர்னி கொதிகலனைக் காட்டினான். "நகத்தால சுரண்டிப் பார்த்தேன். உள்ள எவர்சில்வர். மேல பெயின்ட்."

"சும்மா இருடா."

"நிஜமாத்தான். வடிக்கிற பொண்ணு கெல்சியே சொல்லுச்சு. உள்ள செம்பு இருந்தாத்தான் வடிக்கிறப்ப வர்ற நாத்தம் போகுமாம். முதலாளி கேக்கலையாம்."

அதற்குள் பிரெஸ்டன் வந்து ரூடியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். துண்டை விலக்கிப் படத்தை மேசையில் வைத்துப் பார்த்தான். "அற்புதம்! இந்தச் சிரிப்பு போதும். அப்போ உங்களுக்குச் சம்மதம்தானே, ரூடி?"

"முதல்ல குடிச்சுப் பார்க்கறேன்."

கண்ணாடிக் குவளைகள் வந்தன. எல்லாரும் ஒன்றாகத் தூக்கினார்கள். ரூடியும் மூக்கருகே கொண்டுபோனான்.

அழுகிய முட்டைக்கோஸ்.

சுரங்கத்தில் தீப்பிடித்தால் கத்திப் பயனில்லை, துளை போடுகிற சத்தத்தில் எவனுக்கும் கேட்காது. அதனால் காற்றுக் குழாயில் ஒரு நாற்றத்தை விடுவார்கள். அழுகிய முட்டைக்கோஸும் சாக்கடையும் சேர்ந்த மாதிரி இருக்கும். அது மூக்கில் பட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கூண்டுக்கு ஓடவேண்டும். யாரும் யாரையும் எதுவும் கேட்கக்கூடாது.

குவளை கீழே விழுந்து உடைந்த சத்தம் ரூடிக்குக் கேட்கவில்லை. அவன் கால்கள் வாசலைத் தாண்டியிருந்தன. அந்த மூன்று பேரும் பின்னாலேயே வந்தார்கள். பனியில் நின்று பழக்கதோஷத்தில் தலையை எண்ணினார்கள்.

ஒருத்தன் குறைந்தான்.

"கோர்னி எங்கடா?"

தீப்பிடித்த அன்றைக்கும் ஒருத்தன் குறைந்தான். லூக்கா அவனைத் தேடித் திரும்பிப் போனான். ரூடி இருந்த கூண்டு மேலே வந்தது, பிறகு எந்தக் கூண்டும் வரவில்லை.

இது வெறும் விஸ்கி என்று ரூடியின் மண்டைக்குத் தெரிந்தது. முதுகெலும்புக்குத் தெரியவில்லை. கோர்னியைத் தேடி மறுபடி உள்ளே போவதற்குள் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.

கூடமே கைதட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாறு பேர் போனில் அவனைப் படம் பிடித்தார்கள். கோர்னி அதே நாற்காலியில் மற்றவர்கள் விட்டுப்போன குவளைகளையும் தன் முன்னால் வரிசைப்படுத்தி வைத்திருந்தான்.

"உனக்கு நாத்தம் வரலையாடா?"

"வந்துச்சு. பொணம் ஊறின தண்ணி மாதிரி இருக்கு." கோர்னி ஒன்றைக் கவிழ்த்து வாயைத் துடைத்தான். "ஆனா ஓசிடா."

பிரெஸ்டன் ஓடிவந்தான். கண்ணில் தண்ணீர் தளும்பியது. "ரூடி, உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு! சனிக்கிழமைதோறும் இதைச் செய்யலாமா? நாங்க மணி அடிக்கறோம், நீங்க நாலு பேரும் ஓடறீங்க. கடைசியில நீங்க மட்டும் திரும்பி வர்றீங்க, உங்க அண்ணன் மாதிரியே!"

அவனுக்குப் பின்னால் கெல்சி தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கினாள்.

ரூடி பிரெஸ்டனின் கன்னத்துக் கரியையே பார்த்தான். வேர்வையில் அது கரைந்து வழிந்து, வாயோரம் வந்து, பேசும்போது உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"படம் கிடையாது."

"கொஞ்சம் யோசிங்க. இன்னும் பத்து வருஷத்துல உங்க அண்ணன் முகம் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது."

உண்மைதான். அதற்காகத்தான் அவன் வந்ததே.

"இல்லாம போகட்டும்," என்றான் ரூடி. மேசையிலிருந்த படத்தைத் துண்டோடு வாரிக்கொண்டான். மறு கையால் கோர்னியின் காலரைப் பிடித்து இழுத்தான். "எந்திரிடா."

"ரெண்டு குவளை பாக்கி இருக்குடா!"

வெளியே வந்ததும் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். வாயைப் பனியால் கழுவினான். மீசையில் அந்த நாற்றம் அப்படியே இருந்தது. படத்தை இருக்கைக்குப் பின்னால் செருகி, கோர்னியை ஏற்றி, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினான். பனி உள்ளே அடித்தது.

கோர்னி ஏப்பம் விட்டான். வண்டி முழுக்க முட்டைக்கோஸ்.

"குளிருதுடா ரூடி. கண்ணாடியை ஏத்து."

"நீ மூச்சு விடறதை நிறுத்து, ஏத்தறேன்."