கவியாவின் வண்டி, என் செக்குகள்

கவியா மலேசியாவுக்குக் கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது, அவள் முடிக்க வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் கேட்கவில்லை. எழுதி வைக்காவிட்டால் எதையோ விட்டுவிட்டதாக எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருக்கும்.

அவளுடைய ஸ்கூட்டிக்கு இன்னும் ஒன்பது தவணை பாக்கி. பின்னால் வண்டியை விற்பதானால், கடன் முடிந்து பைனான்ஸ் கம்பெனி கடிதம் கொடுத்தால்தான் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்ற முடியும். பெயர் மாற்றும் படிவங்களில் போகும் முன்பே கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். மலேசியாவில் சம்பளம் எந்த வங்கிக்கு வரும், அங்கிருந்து பணம் அனுப்ப எவ்வளவு பிடிப்பார்கள் என்று ஏஜென்டிடம் கேட்க வேண்டும். கடைசி வரியாக, 'ஒன்பது தவணையையும் மாதம் ஐந்தாம் தேதிக்குள் கவியா சுகப்பிரியாவின் கணக்குக்கு அனுப்ப வேண்டும்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அந்த வரிக்குக் காரணம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் காருக்கு ஒயரிங் கட்டும் கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்தோம். அவள் கான்ட்ராக்ட், கவரில் சம்பளம். நான் கம்பெனி ஆள், வங்கியில் சம்பளம். அதனால் எங்கள் அறையில் செக் புத்தகம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. மண்ணூர்ப் பக்கத்து வாடகை அறைகளில் இது வழக்கம். யாரிடம் செக் புத்தகம் இருக்கிறதோ அவளுடைய செக்கைக் கொடுத்துத்தான் மற்றவள் மிக்சி வாங்குவாள், டிவி வாங்குவாள். கவியா வண்டி எடுத்தபோது இருபத்துநான்கு செக்கில் முன்தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஜாமீன் கையெழுத்தும் என்னுடையது. அவள் மாதாமாதம் பணத்தை என் கையில் கொடுத்துவிடுவாள். பதினைந்து மாதத்தில் ஒரு நாள்கூடத் தாமதமில்லை.

"நான் வார வரைக்கும் வண்டிய நீயே ஓட்டுட்டி. கிளாஸுக்குப் போவணும்லா," என்றாள்.

ஸ்ரீபெரும்புதூரில் கணக்கியல் மாலை வகுப்பில் நான் சேர்ந்திருந்தேன். டிசம்பரில் தேர்வு. தேறினால் லைனிலிருந்து ஸ்டோர்ஸ் ஆபீசுக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். வகுப்பு முடிய எட்டரை ஆகும். மண்ணூருக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கே போய்விடும். வண்டி இல்லையென்றால் வகுப்பு இல்லை. கவியாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

மார்ச்சில் அவள் போனாள். ஏப்ரல் ஐந்து வந்தது, பணம் வரவில்லை. புது இடம், கணக்குத் திறக்க நாளாகும் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாம் தேதி என் சம்பளத்திலிருந்து செக் போனது. மேயிலும் அப்படியே. என் கணக்கு எண்ணைத் தவறாக எழுதிக் கொடுத்துவிட்டேனோ என்று பாஸ்புக்கை எடுத்து இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசலில் ஒருவர் குனிந்து ஸ்கூட்டியின் டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் தணிகாசலம் என்றும் பென்னலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பதாகவும் சொன்னார்.

"சுகப்பிரியா நீதானேம்மா? இன்னாமா, வண்டிய இப்புடி வெயில்ல போட்டுகினு கீற? சீட்டு வெடிச்சிடும்."

"நீங்க யாருங்க, எங்க வண்டிய..."

"உங்க வண்டியா? என் வண்டிம்மா. பதினாலாயிரம் குட்த்து வாங்கிகீறேன்."

பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். கவியாவின் கையெழுத்தோடு பெயர் மாற்றும் படிவங்கள். தொலைந்துவிட்டதாக அவள் சொன்ன இரண்டாவது சாவி. கூடவே நான் எழுதிய தாள்.

"உன் கையெழுத்துதானே? முத்து முத்தா கீது. மீதி டியூ நீ கட்டிடுவே, டிசம்பர்ல நீயே லெட்டர் வாங்கி வண்டியோட குட்ப்பேன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அதுவரிக்கும் நீதான் ஓட்டணுமாம். என் பொண்ணுக்கும் தை மாசந்தான் வண்டி வோணும், அதான் சரின்னேன்."

தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கடைசி வரி இல்லை. ஸ்கேல் வைத்து மடித்துக் கிழித்திருந்தாள். பிசிறில்லாமல் கிழிக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவர் எதிரில் அழக் கூடாது என்பதற்காகத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நடந்ததை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுப் படிவங்களைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"என் துட்டு போய்ட்ச்சும்மா. உன் துட்டும் போவுது. நான் இன்னா பண்ணட்டும்? நீ டியூவ நிறுத்துனா பைனான்ஸ்காரன் வண்டிய தூக்கிடுவான். அப்பறம் உனுக்கும் இல்ல, எனுக்கும் இல்ல." போகும்போது திரும்பி, "ஆயில் மாத்துமா," என்றார்.

அன்று மாலை வீட்டுக்காரர் சவரியம்மாள் கூப்பிட்டார். "சுகா, மலேசியாலேந்து போனு. கவியா."

நான் ஹலோ சொல்வதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். "எப்படி இருக்கட்டி? ஏட்டி, எனக்கு ஒரு உதவி செய்யேன். இங்க ஹாஸ்டலுக்கும் பிளான்டுக்கும் ரொம்ப தூரம். ஒரு மோட்டார் எடுக்கணும், இங்க பைக்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஊர்ல கடன் ஒழுங்கா கட்டுனதுக்கு லெட்டர் இருந்தா இங்க தவணைக்குத் தருவாங்களாம். பைனான்ஸ்ல கேட்டு வாங்கி அனுப்புதியா?"

"தணிகாசலம் வந்திருந்தாரு," என்றேன்.

 

"கடைசி நேரத்துல ஏஜென்டு இன்னும் பதினாலாயிரம் கேட்டாம்ட்டி. இல்லன்னா டிக்கெட் இல்லைன்னுட்டான். நான் யார்ட்ட போவேன்?"

"எங்கிட்ட கேட்ருந்தா குடுத்திருப்பேன்லா."

"குடுத்திருப்ப. கூடவே ஒரு தாளும் எழுதிக் குடுத்திருப்ப." சிரிக்கப் பார்த்தாள். "டிசம்பர் வரைக்கும் வண்டி ஒங்கிட்டதான் இருக்கணும்னு சொல்லித்தான வித்தேன். ஒன் பரீட்சைய நெனச்சுத்தான் சொன்னேன்."

"தாள ஏன் கிழிச்ச?"

"காசு தீருதுட்டி. லெட்டர மறந்துராத," என்று வைத்துவிட்டாள்.

மூன்று நாள் அதையே யோசித்தேன். நான் தாள் எழுதிக் கொடுக்கிறவளாக இல்லாமல் இருந்திருந்தால் அவள் என்னிடம் கேட்டிருப்பாளோ? அவளுக்காக நான் நியாயம் தேடும்போதெல்லாம் ஸ்கேல் வைத்து மடித்த அந்த விளிம்பு கண்ணில் வந்து நின்றது. அவசரத்தில் செய்கிறவள் ஸ்கேல் தேட மாட்டாள்.

ஜூன் ஏழாம் தேதி செக் போனது. நிறுத்தச் சொல்லி வங்கிக்கு நான் எழுதவில்லை. செக் திரும்பினால் வழக்கு என் பெயரில். வண்டி போனால் வகுப்பும் போகும்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து பைனான்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். அவள் கேட்ட கடிதத்துக்காகத்தான் போனேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கவுன்டரில் இருந்த லீலா அக்கா பேரேட்டைப் பார்த்துவிட்டு உடனே டைப் செய்து கொடுத்தார். 'கவியா என்பவர் தம் தவணைகளை ஒருமுறைகூடத் தவறாமல் செலுத்தி வருகிறார்.' கீழே முத்திரை.

"அக்கா, செக்கெல்லாம் என்னுது. அதையும் ஒரு வரி சேக்க முடியுமா?"

"கடன் யார் பேர்ல கீதோ அவங்க பேருதாம்மா வரும். ஜாமீன் போட்டவங்க பேரு இதுல வராது."

"எப்பதான் வரும்?"

"கட்டாம வுட்டா வரும்," என்றார். சிரிக்காமல் பேனாவை நீட்டினார். "வாங்கிக்கினேன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடு."

பேனாவை வாங்கிவிட்டேன். பேரேட்டில் கவியாவின் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. அதில் நான் கையெழுத்துப் போட்டால் அங்கே அவளுக்கு இன்னொரு வண்டி வந்துவிடும். பேனாவை மூடிக் கடிதத்தின் மேல் வைத்தேன்.

"வேணாம்க்கா. வேணும்னா அவ எழுதிக் கேக்கட்டும்."

"அவங்க ஃபாரின்ல கீறாங்களே?"

"ஆமாக்கா."

சுவர்க்கடிகாரத்தில் ஆறு இருபது. ஆறரைக்கு வகுப்பு. வெளியே வந்து வண்டியை எடுத்தேன்.